நடுவில் நின்ற ஸ்விட்ச்

நாலு அங்குல ஒயரை வைத்துக்கொண்டு அந்தியூர்ச் சந்தையில் நூற்றுப் பதினேழு குதிரைகளை ஒரே நொடியில் தலை திருப்ப வைத்தவன் நான். எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். நூற்றுப் பதினெட்டாவது குதிரைக்குக் காது கேட்காது என்று அதன் சொந்தக்காரரே பிறகு சொன்னார்.

நீங்கள் நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை. என் மனைவி சாஜிதா பேகம், நான் மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கப் போவாள். ஆனால் இன்றைக்கு நான் பெருமை பேச வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். அதில் கொஞ்சம் பெருமையும் கலந்து வந்தால் என்னைக் குறை சொல்லக் கூடாது. வேலை அவ்வளவு சுத்தமாக அமைந்துவிட்டது.

என் பெயர் ஷேக் பரீத். போத்தனூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, முப்பத்து நாலு வருஷம் கழித்து, 1992 ஜனவரியில் மெக்கானிக்காகவே ரிட்டயர் ஆனேன். என் கை பட்ட பாயிண்டில் ஒரு வண்டியும் தடம் புரண்டது கிடையாது. பாயிண்ட் என்றால் ரயில் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடம். அது இந்தப் பக்கம் ஒட்டி நிற்கலாம், அந்தப் பக்கம் ஒட்டி நிற்கலாம். நடுவில் நிற்கக் கூடாது. ஒரு விரல் இடைவெளி விட்டு நடுவில் நின்றால், மேலே வருகிற வண்டி எந்தப் பக்கம் போகும் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வேலையில் வளர்த்தார்கள். படுக்கையில்கூட நான் இடது பக்கம் படுப்பேன், இல்லாவிட்டால் வலது பக்கம் படுப்பேன். மல்லாந்து படுத்தது கிடையாது.

ரிட்டயர் ஆன மனிதன் முதலில் வீட்டில் கெட்டுப்போன சாமான்களையெல்லாம் ரிப்பேர் செய்கிறான். அது முடிந்ததும் கெடாத சாமான்களை ரிப்பேர் செய்கிறான். சாஜிதாவின் மிக்சியை நான் மூன்றாவது தடவை திறந்தபோது, அவள் பக்கத்துத் தெரு நஞ்சப்பனைக் கூப்பிட்டு என்னை ஒப்படைத்தாள். நஞ்சப்பன் நொய்யல் மெல்லிசைக் குழு என்று ஒரு ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர். கல்யாண வரவேற்பு, கோவில் திருவிழா, மில் ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் போவார்கள். அவருடைய மைக்கிலும் ஆம்ப்ளிஃபயரிலும் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வந்துகொண்டிருந்தது. நான் ஒரே வாரத்தில் அதை அடக்கினேன். எவ்வளவு அடக்கினேன் என்றால், பாடகர் மூச்சு விடுவது கேட்டுக் கூட்டத்தில் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அங்கேதான் தம்பிதுரையைப் பார்த்தேன். துடியலூர்க்காரர். தோட்டம், கிணறு எல்லாம் இருந்த குடும்பம், பிறகு பவுண்டரி வைத்து பம்புசெட்டுக்கு வார்ப்பு வார்த்துக் கொடுத்து நன்றாக வந்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் கிதார் பைத்தியம். வயது அப்போது இருபத்தேழு. கல்கத்தாவில் யாரோ, ஐம்பதுகளில் வந்த அமெரிக்க மாடல் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, திருகு உட்பட அப்படியே பார்த்துச் செய்த எலெக்ட்ரிக் கிதார் அவருடையது.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் கைவேலை உங்களுக்குப் புரியும். கம்பிகளுக்குக் கீழே இரண்டு இடத்தில் காந்தமும் அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய ஒயரும் இருக்கும். பெயர் பிக்கப். கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் தடித்த குரலில் பேசும், வயிறு நிறையச் சாப்பிட்ட சம்பந்தி மாதிரி. அடிப்பக்கத்துப் பிக்கப் கூர்மையாகக் கத்தும், பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி மாதிரி. யாரைப் பேசவிடுவது என்று முடிவு செய்ய, மூன்று இடத்தில் நிற்கிற ஒரு ஸ்விட்ச்.

பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் நாலு பக்கம் எனக்குக் கிடைத்தது. அதில் அந்த ஸ்விட்சுக்கு எத்தனை விதமாக ஒயர் கொடுக்கலாம் என்று படம் போட்டிருந்தார்கள். பழைய மாடலில் முதல் இடம் கழுத்துப் பிக்கப், அதையும் கம்பளி போர்த்தினாற்போல மந்தமாக்கி. நடு இடம் அதே கழுத்துப் பிக்கப், போர்வை இல்லாமல். மூன்றாவது இடம் அடிப் பிக்கப். இரண்டும் ஒன்றாகப் பேச வழியே கிடையாது. பிற்கால மாடல்களில்தான் நடு இடத்தில் இரண்டையும் சேர்த்து விட்டார்கள். தம்பிதுரையின் கிதார் பழைய விதம். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு லைனில் ஒரு வண்டி. அதைச் செய்த அமெரிக்கர் நிச்சயமாக ஏதோ ஒரு ரயில்வேயில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

இந்த மனிதரோ, நடு இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் இடையில் ஸ்விட்சை நிறுத்தி, அது நழுவாமல் இருக்க உக்கடம் பஸ் டிக்கெட் ஒன்றை மடித்துச் செருகி வைத்திருந்தார். அந்த இடைவெளியில் நின்றால் இரண்டு பிக்கப்பும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து பேசும். சத்தம் அகலமாக இருக்கிறதாம்.

நஞ்சப்பன் வீட்டு மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் பொறுமையாகத்தான் சொன்னேன். “தம்பி, பாயிண்டு நடுவுல நிக்குதுங்க. அந்த டிக்கெட்டை எடுத்துப்போடுங்க.”

அவர் வாசிப்பதை நிறுத்தவே இல்லை. “ஏனுங்க பாய், இதுல என்ன மெட்ராஸ் மெயிலா வருது? பாட்டுத்தானுங்க வருது. கவுந்தாலும் ஆரும் சாகமாட்டாங்க.”

ஒன்பது பேர் சிரித்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு தட்டும் தட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் தூக்கம் வராததற்கு வெக்கைதான் காரணம்.

பன்னிரண்டாவது நாள் தம்பிதுரையே கிதாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவில், குதிரைச் சந்தைக்குப் பக்கத்தில் கச்சேரி. லேசாக இரைகிறது, பார்த்துக் கொடுங்கள் பாய் என்றார். சிரித்ததை அவர் அன்றைக்கே மறந்திருந்தார்.

ஸ்விட்ச் இருக்கும் தகடு இரண்டே இரண்டு திருகில் நிற்கிறது. கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். இரைச்சலை ஐந்து நிமிஷத்தில் சரி செய்தேன். பிறகு அடிப் பிக்கப்பிலிருந்து வருகிற இரண்டு ஒயரைக் கழற்றி, இதன் இடத்தில் அதையும், அதன் இடத்தில் இதையும் வைத்துப் பற்றவைத்தேன். அவ்வளவுதான். நீளம் பத்தாமல் நாலு அங்குலத் துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்றால், தனித்தனியாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. கழுத்துப் பிக்கப் பழையபடியே பேசும், அடிப் பிக்கப்பும் பழையபடியே பேசும். இரண்டையும் சேர்க்கிற அந்தத் திருட்டு இடத்தில் மட்டும், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தடித்த சத்தமெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். மிச்சம் நிற்பது நோஞ்சானாக, மூக்கால் பேசுகிற ஒரு குரல். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு வண்டி. நடுவில் ஸ்விட்சை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஒரு பொறுப்புள்ள மனிதன் வேறு எப்படி விளக்க முடியும்? நான் செய்தது பாதுகாப்புப் பயிற்சி. அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும், எங்கள் பிரிவின் வழக்கப்படி ஒரு சின்ன அட்டையை வெட்டி, கிதாரின் குழிக்குள் பக்கவாட்டில் ஒட்டினேன். சிக்னல் பெட்டி எதைத் திறந்தாலும் மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் அட்டையில் தேதி, செய்த வேலை, காரணம், கையெழுத்து நாலும் எழுத வேண்டும். அட்டையில் பொய் எழுதியவனுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. முப்பத்து நாலு வருஷம் அப்படி எழுதிய கை. திருட்டு வேலை செய்தாலும் அது கையெழுத்துப் போடாமல் மூடாது.

அந்தியூருக்கு நானும் வேனில் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்தை நிறைய ஆளும் மாடும் குதிரையும். முதல் மூன்று பாட்டுக்குத் தம்பிதுரை ஸ்விட்சை அந்தத் திருட்டு இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. நாலாவது பாட்டில், பல்லவி முடிந்து கிதார் மட்டும் தனியாக வருகிற இடத்தில், டிக்கெட்டைச் செருகினார். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கூட்டம் சிரிக்கப் போகும் சிரிப்புக்கு என் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

வந்த சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன். ஜலதோஷம் பிடித்த நாதஸ்வரம் தூரத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. தம்பிதுரைக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மனுஷன் நிறுத்தவில்லை. அந்தக் குரலுக்கு எது பொருந்தும் என்று அங்கேயே நின்றபடி தேடி, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு ஸ்வரமாக இழுத்து விட்டார். கல் மாதிரி உட்கார்ந்திருந்த கூட்டம் மேடைப் பக்கம் நகர்ந்து வந்தது. பலூன் விற்றவன் விற்பதை நிறுத்தினான். அப்போதுதான் குதிரைகள் திரும்பின. பாட்டு முடிந்ததும் கூட்டம் விடாமல் கைதட்டியது. அந்தச் சத்தம் மட்டும் காற்றோடு கிளம்பி, அப்போதே பவானியைத் தாண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

அன்றிலிருந்து அவர் மூக்குக் கிதார் தம்பிதுரை. கல்யாணப் பத்திரிகையிலேயே பெயர் போட்டார்கள். நஞ்சப்பன், சாமி வரம் என்றார். தம்பிதுரை, “எனக்கே தெரியலீங்க பாய், கை அப்படி வந்துபோட்டுது” என்றார். நான் தலையாட்டினேன். என்னுடைய வேலை என்று சொல்ல வேண்டுமானால் என்னுடைய துரோகம் என்றும் சொல்ல வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் இருந்தது. ஆகவே பெட்டியை மூடியே வைத்தேன். உலகத்தில் எந்தக் கலைஞனும் இவ்வளவு புகழை இவ்வளவு அமைதியாக விழுங்கியிருக்க மாட்டான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வருவார். கிதாரை ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்பது சாக்கு. சாஜிதா டீயும் சமோசாவும் வைப்பாள். எங்கள் பெண்ணைத் திருச்சியில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் மூன்றாவது டம்ளர் எடுத்தது அவருக்காகத்தான். நான் என் சர்வீஸ் கதைகளைச் சொல்வேன். வெறும் டார்ச் லைட்டைக் காட்டி எக்ஸ்பிரஸ் வண்டியை நிறுத்தியது, காட்டு யானைக்குச் சிக்னல் போட்டு அது நின்று போனது, எல்லாம். அவர் மட்டும்தான் கடைசி வரை கேட்பார். “நிசமாங்க பாய்?” என்பார். நிஜம் என்பேன். நம்பிவிடுவார். யானைக் கதையை அவர் நம்பியதும் எனக்கே அது நடந்திருக்குமோ என்று தோன்றிவிட்டது.

இப்படி ஒன்றரை வருஷம். 1994 கடைசியில், காந்திபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், மெட்ராஸில் பாட்டுப் பதிவுகளுக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்து விடுகிற ஒருவர் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டார். பொங்கல் முடிந்து பத்தொன்பதாம் தேதி வாருங்கள், அந்தச் சத்தத்தை எங்கள் ஆட்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், பிடித்தால் மெட்ராஸிலேயே இருந்துவிடலாம் என்று சொல்லி விலாசம் கொடுத்தார். தம்பிதுரையின் அப்பா ஒரு கணக்கோடு சம்மதித்தார். எடுத்துக்கொண்டால் தடுக்க மாட்டேன், இல்லையென்றால் திங்கட்கிழமை பவுண்டரிக்கு வந்துவிட வேண்டும், பிறகு கிதார் பேச்சே கூடாது. இருக்கிற ஒரே பையன். அம்மா பழனாத்தாள் சமையலறையில் உட்கார்ந்து அழுததாகக் கேள்வி.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் கரும்போடு கிதாரையும் கொண்டுவந்து வைத்தார். “பாய், நல்லா ஒருக்கா பார்த்துக் குடுத்துருங்க. உங்க கை பட்டாத்தான் எனக்குத் தைரியமுங்க” என்றார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அந்த இரண்டு திருகைக் கழற்றினேன்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நான் எதையும் கெடுக்கவில்லை. அடிப் பிக்கப்பின் இரண்டு ஒயரையும் அவை முதலில் இருந்த இடத்துக்கே மாற்றினேன். கல்கத்தாக்காரர் எப்படி அனுப்பினாரோ அப்படியே ஆக்கினேன். பார்க்கப் போனால் இத்தனை நாளும் கோளாறோடு இருந்த கிதாரை அன்றைக்குத்தான் சரி செய்தேன். ரிப்பேர் செய்ததற்காக ஒருவனைத் தண்டிக்க எந்தக் கோர்ட்டிலும் சட்டம் இல்லை. அட்டையில் இரண்டாவது வரி எழுதினேன். தகட்டை மூடினேன். பதினெட்டாம் தேதி ராத்திரி அவர் ரயிலுக்குக் கிளம்பும் வழியில் வந்தபோது துடைத்துக் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொரு பிக்கப்பையும் தட்டிப் பார்த்தார். இரண்டும் பழையபடியே இருந்தன. அந்த நடு இடத்தை என் வீட்டில் அவர் வாசிப்பதில்லை. பாயிண்ட் நடுவில் நின்றால் எனக்கு நெஞ்சு அடைக்கும் என்று அவருக்குத் தெரியும். என் மேல் அவ்வளவு மரியாதை.

மெட்ராஸில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணாடி அறைக்குள் நிற்க வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டைச் செருகியிருக்கிறார். சாதாரணமாக, அகலமாக, எந்த ஊரிலும் கேட்கக்கூடிய ஒரு சத்தம் வந்திருக்கிறது. கம்பியை மாற்றியிருக்கிறார், டிக்கெட்டை மாற்றியிருக்கிறார், விரலை அழுத்தியும் தளர்த்தியும் பார்த்திருக்கிறார். நாலு மணி நேரம். வெளியில் இருந்தவர்கள் மரியாதையானவர்கள். டிபன் வாங்கிக் கொடுத்து, கல்யாணத்தில் வாசித்தது நீங்கள்தானா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை கோயமுத்தூர் ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது, பிளாஸ்க்கில் டீயோடு நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டு ஆட்கள்கூட வரவில்லை. நான் வந்திருந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

“கிதார்ல ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா பாய்?” என்றார்.

நியாயமான கேள்வி. என் வீட்டுக்குக் கூட்டிவந்து, அவருக்கு முன்னாலேயே, கிதாரில் ஒயர் செருகுகிற ஓட்டையில் மீட்டரை வைத்து, ஸ்விட்சை ஒவ்வொரு இடமாகத் தள்ளிக் காட்டினேன். முள் ஒவ்வொரு தடவையும் போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. நிற்கத்தான் செய்யும். ஒயரை இப்படிப் போட்டாலும் அப்படிப் போட்டாலும் அந்த மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதற்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. “கிதார் மேல ஒரு குத்தமும் இல்லீங்க தம்பி” என்றேன். நான் அவரிடம் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அது ஒன்றுதான்.

இடது கையைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு அன்றைக்குத்தான் வந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது விரல்களை விரித்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

திங்கட்கிழமை பவுண்டரிக்குப் போய்விட்டார். கிதார் என் அலமாரிக்கு வந்துவிட்டது. பழனாத்தாள் அம்மா, பையனைத் தேற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததற்காக, ஒரு நேந்திரம் குலையையும் அரை மூட்டை நிலக்கடலையையும் எனக்கு அனுப்பிவைத்தார்கள். “அந்தக் கண்ணு நல்லா இருக்கோணும்” என்றார்களாம், அறுபது தாண்டிய என்னை. ஒரு தாயின் கண்ணீரைத் துடைத்திருக்கிறேன். மெட்ராஸ் தண்ணீரும் காற்றும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்காது. அங்கே போனவர்கள் யாரும் உருப்படியாகச் சாப்பிடுவதில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் நான் அந்த ரிப்பேரைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவதை அவர் நிறுத்தவில்லை என்பது தற்செயல்.

இப்படியே இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. இந்த ஜூன் மாதம்வரை நான் நிம்மதியாகத் தூங்கினேன், இடது பக்கமாகவும் வலது பக்கமாகவும்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பிதுரை இருக்கும்போது நஞ்சப்பன் வந்தார். கல்லூரி ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ஒரு பழைய கிதார் கேட்கிறார்களாம், அலமாரியில் சும்மா கிடப்பதைக் கொடுத்துவிடலாமா என்றார். தம்பிதுரை, “கொண்டுபோங்க. இந்தக் கைக்கு அது எதுக்குங்க” என்றார். அதோடு நஞ்சப்பன் போயிருக்கலாம். டீயை உறிஞ்சிக்கொண்டே, “அந்தியூர்ச் சத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அன்னைக்கு வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் ஓட்டையா இருந்திருக்கும். காத்து அதுக்குள்ள பூந்து அப்படிக் கேட்டிருக்கும்” என்று சொல்லிவிட்டார்.

வாடகை ஸ்பீக்கர். நாலு வருஷமாக நான் வாயை மூடிப் பாதுகாத்த என் வேலையை, இந்த மனிதர் ஒரு வாடகை ஸ்பீக்கரின் ஓட்டைக்குக் கொடுத்துவிட்டார். குற்றம் செய்தவனுக்கும் ஒரு மானம் இருக்கிறது.

சொல்லிவிட்டேன். அந்தச் சத்தத்தைச் செய்தவன் நான். மெட்ராஸுக்குப் போகும்முன் அதை எடுத்தவனும் நான். எந்த ஒயர், எந்தப் பக்கம், எத்தனை அங்குலம் எல்லாம் சொன்னேன். நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டார்.

சமையலறை வாசலில் சாஜிதா நின்றுகொண்டிருந்தாள். அவளாவது சிரிப்பாள் என்று பார்த்தேன். முப்பத்தொரு வருஷமாக நான் சொன்ன எதையும் நம்பாதவள், “இது நிசந்தானுங்க” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உங்க பொய்யில எப்பவும் நீங்க பெரிய ஆளா இருப்பீங்க. இதுல சின்ன ஆளா இருக்கறீங்க.”

நம்பாதவர் ஒரே ஒருவர்தான். யானைக்குச் சிக்னல் போட்டதை நம்பியவர், டார்ச் லைட்டுக்கு எக்ஸ்பிரஸ் நின்றதை நம்பியவர், சிரித்துக்கொண்டே சமோசாவை எடுத்தார். “அட போங்க பாய். அக்கா, நீங்க வேற. பாய் என் மனசு ஆறோணும்னு சொல்றாருங்க. கை போனவன்கிட்ட, கை போகலைன்னு சொல்றதுக்கு இப்படி ஒரு கதை கட்டியிருக்காரு. அவரு அப்படிச் செய்யற ஆளே இல்லீங்க.”

நான் நல்லவன் என்று அவர் அடித்துச் சொல்ல, நான் இல்லை என்று வாதாட வேண்டிய நிலைமை. நான் கெஞ்சாத குறை. கடைசியில் அலமாரியிலிருந்து கிதாரை எடுத்து, திருப்புளியையும் அவர் கையில் கொடுத்து, இரண்டு திருகுதான், நீங்களே கழற்றுங்கள், உள்ளே அட்டை இருக்கிறது, தேதி போட்டு எழுதியிருக்கிறேன் என்றேன். எனக்கு ஒரு பயமும் இல்லை. அதில் வேலையின் விவரம்தான் இருக்கும் என்று நினைத்தேன். காரணம் என்கிற இடத்தில் பாதுகாப்பு என்றோ பராமரிப்பு என்றோ எழுதியதாகத்தான் எனக்கு நினைவு.

என்னைத் திருப்திப்படுத்தத்தான் கழற்றினார். முதல் திருகு கழன்று பாயில் உருண்டது. இரண்டாவது திருகைக் கழற்றித் தகட்டைத் தூக்கி, குழிக்குள் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வெளிச்சத்துக்காகக் கிதாரை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“மூணு, எட்டு, தொண்ணூத்தி மூணு. அடிப் பிக்கப் ஒயர் இடமாற்றம். காரணம்: சிரித்தான். ஷே.ப.”

தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். நான் அதைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன்.

“பதினாறு, ஒண்ணு, தொண்ணூத்தி அஞ்சு. பழையபடி வைத்தது. காரணம்: போனால் வரமாட்டான். ஷே.ப.”

இரண்டாவது வரியை அவர் இன்னொரு தடவை வாசித்தார், இந்தத் தடவை வாய்க்குள்ளேயே. விரல் அகல அட்டையில் மரியாதைக்கு இடம் இருந்திருக்காது, அதனால்தான் அப்படி எழுதியிருப்பேன் என்று நான் விளக்கினேன். சாஜிதா அவருடைய டம்ளரில் டீயை ஊற்றினாள். அவர் அதைத் தொடவில்லை.

தகட்டை மடியில் வைத்துவிட்டு, இடது கையைத் தூக்கி, விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு கிதாரின் கழுத்தில் அந்தக் கையை, பழைய இடத்தில், மெதுவாக வைத்தார்.

“நிசமாவே நடந்திருக்குதுங்க பாய்,” என்றார். “என் கை ஒரு தப்பும் பண்ணலீங்க.”